ரோட்டுல ஓடுற டிராஃபிக்கும் கம்ப்யூட்டர்ல ஓடுற டிராஃபிக்கும் ஒண்ணா? தேனியை வைத்து ஓர் எளிய விளக்கம்

தேனி மதுரை சாலையில் ரயில்வே கேட் மூடியாச்சு. முன்னால் ஒரு பஸ், அதன் இடுக்கில் நாலு டூவீலர், வலதுபக்கம் ஏறி நிற்கும் ஆட்டோ. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். கேட் திறந்ததும் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் முட்டி நிற்கும். க.விலக்கு அரசு மருத்துவமனைக்குப் போகிற ஆம்புலன்ஸ் நடுவில் மாட்டிக்கொண்டால் சொல்லவே வேண்டாம்.

மேம்பாலம் கட்டுவதா, ஒருவழிப்பாதை ஆக்குவதா, சிக்னல் நேரத்தை மாற்றுவதா? இப்போதெல்லாம் இதை முதலில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க முடியும். சரி, அந்தக் கம்ப்யூட்டர் சொல்வது உண்மை என்று யார் சரிபார்ப்பது?

டிராஃபிக் சிமுலேஷன் என்றால் என்ன?

ஒரு சாலையை கம்ப்யூட்டரில் வரைந்து, அதில் வண்டிகளை ஓடவிடுவதுதான். முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விடுவது, எப்போது பிரேக் போடுவது, எப்போது ஓவர்டேக் செய்வது என ஒவ்வொரு வண்டிக்கும் விதிகள் உண்டு. ஜெர்மனியில் உருவான விஸ்ஸிம், இலவசமாகக் கிடைக்கும் சுமோ ஆகியவை உலகம் முழுக்கப் பயன்படும் சாஃப்ட்வேர்கள்.

நம்ம ஊருக்கு அது செட் ஆகுமா?

அப்படியே எடுத்துப் போட்டால் ஆகாது. இந்த விதிகளில் பல, வண்டிகள் லேன் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் நாடுகளில் எழுதப்பட்டவை. நம்ம ரோட்டில் பைக் கிடைத்த சந்தில் நுழைந்து முன்னால் வந்துவிடும்.

இதற்காகவே ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் தமிழரசன் குழுவினர் ஹெட்டிரோசிம் என்ற மாடலை உருவாக்கினார்கள். அதில் லேன் கணக்கே கிடையாது. ரோட்டின் முழு அகலமும் ஒரே பரப்புதான். அதன் முடிவுகளைச் சென்னைச் சாலைகளில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

பின்னர் 2014-ல் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் வீடியோ எடுத்து, சுமார் 3,000 வண்டிகள் எந்தத் தடத்தில் நகர்ந்தன என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். லேன் பிடிக்காத டிராஃபிக்கைச் சோதிக்க அந்தத் தரவு பல ஆய்வுகளில் பயன்பட்டது.

சரிசெய்வது வேறு, சோதிப்பது வேறு

பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். ரோட்டில் எடுத்த கணக்கோடு ஒத்துப்போகும்வரை மாடலின் எண்களைத் திருகித் திருகிச் சரிசெய்வார்கள். அது முதல் கட்டம்தான். வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்கையே பரீட்சையில் கேட்டால் யார் வேண்டுமானாலும் நூற்றுக்கு நூறு வாங்கலாமே!

அதனால், சரிசெய்யப் பயன்படுத்தாத வேறொரு நாளின் கணக்கை எடுத்து, மாடல் அதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் உண்மையான சோதனை. அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதாது. வண்டிகள் வரும் வரிசையை மாற்றிப் பலமுறை ஓட்ட வேண்டும்.

எவ்வளவு வித்தியாசம் வரலாம்?

இதற்கு 'ஜிஇஎச்' என்று ஓர் அளவுகோல் உண்டு. 1970-களில் லண்டனில் போக்குவரத்துத் திட்டப் பணியில் இருந்த ஜெஃப்ரி ஹேவர்ஸ் உருவாக்கியது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் அது. மதிப்பு 5-க்குக் கீழே இருந்தால் நல்ல பொருத்தம்.

• ரோட்டில் மணிக்கு 1,000 வண்டி, மாடலில் 1,100 என்றால் ஜிஇஎச் சுமார் 3.1. பாஸ்.
• ரோட்டில் 100, மாடலில் 200 என்றால் சுமார் 8.2. ஃபெயில்.

இரண்டிலும் வித்தியாசம் அதே 100 வண்டிதான். ஆனால் சின்ன ரோட்டில் அது இரண்டு மடங்கு தப்பு.

அளந்த இடங்களில் குறைந்தது 85 சதவீதத்தில் மதிப்பு 5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

போதாது. கேட் திறந்த பிறகு ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு வண்டிதான் கடக்க முடியும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. பின்னால் 50 வண்டி நின்றாலும் 200 வண்டி நின்றாலும் அந்த நிமிடத்தில் கடக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். ஆக எண்ணிக்கை பொருந்திவிடும், வரிசையின் நீளம் தப்பாக இருக்கும். ஆம்புலன்ஸுக்கு முக்கியம் அந்த வரிசைதானே! அதனால் வரிசை நீளத்தையும் பயண நேரத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

தேனிக்கு 'பரீட்சை' எது?

சபரிமலை சீசன்! கார்த்திகை, மார்கழியில் கம்பம் பள்ளத்தாக்கு டிராஃபிக்கே வேறு. சீசனில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளை கம்பம்மெட்டு வழியாக அனுப்பி, திரும்பும்போது குமுளி வழியாக வரவிடும் ஏற்பாட்டை போலீசார் செய்வது வழக்கம். இதோடு விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளும் உண்டு. சாதாரண நாளை வைத்துச் சரிசெய்த மாடல், இந்த நாட்களின் நெரிசலையும் சரியாகச் சொன்னால் ஓரளவு நம்பலாம்.

இன்னொரு விஷயம், மாடலுக்கும் காலாவதி தேதி உண்டு. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற ரயில், 2022 மே மாதம்தான் தேனிக்குத் திரும்பி வந்தது. 2023 ஜூனில் போடி வரை நீண்டது. 2021-ல் எடுத்த கணக்கில் கேட் மூடும் நேரம் என்ற ஒன்றே இருந்திருக்காது.

நாம் என்ன கேட்கணும்?

உங்க ஊரில் ஒரு மேம்பாலமோ ஒருவழிப்பாதையோ 'கம்ப்யூட்டர் ஆய்வுப்படி' என்று சொல்லப்பட்டால், மூன்று கேள்வி போதும்.

1. கணக்கு எந்த வருஷம், எந்த மாதம் எடுத்தது?
2. சரிசெய்யப் பயன்படுத்தாத வேறு நாளில் சோதித்தீர்களா?
3. வரிசை நீளமும் பயண நேரமும் ஒத்துப்போனதா?

திரையில் வண்டிகள் அழகாக ஓடுவது ஆதாரம் ஆகாது. தப்பான மாடலிலும் அவை அழகாகத்தான் ஓடும். ஒரு பாலத்தைக் கட்டிவிட்டால் பல பத்தாண்டுகளுக்கு இடம் மாற்ற முடியாது. அதனால், கட்டுவதற்கு முன்பே இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுவது நல்லது.