தீருதவி வாங்கினால் வழக்கு முடிந்துவிடுமா?

“அதான் பணம் வாங்கிட்டியே, இன்னும் எதுக்குக் கோர்ட்டுக்கு அலையுற?”

மகனைச் சாதியைச் சொல்லித் திட்டி அடித்த வழக்கில் சாட்சி சொல்லவிருந்த ஒரு தாயிடம் ஊர்க்காரர்கள் கேட்டது இது. பணம் வாங்கியது தப்போ என்று கலங்கிப்போய் அந்த அம்மா எங்களிடம் வந்தார்.

தப்பில்லை. அவர் வாங்கியது அடித்தவனின் பணமும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி அரசு தரும் தீருதவி அது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், குற்றத்துக்கு ஏற்ப 85 ஆயிரம் முதல் 8.25 லட்சம் ரூபாய் வரை இதை நிர்ணயித்தது. தமிழக அரசு பின்னர் உயர்த்தியது. சாதி சொல்லி இழிவுபடுத்திய வழக்கென்றால், முதல் தகவல் அறிக்கை பதிந்ததும் கால் பங்கு, குற்றப்பத்திரிகை தாக்கலானதும் பாதி, தண்டனை கிடைத்ததும் மீதிக் கால் பங்கு. வழக்கு நடந்தால்தான் முழுத் தொகையும் வரும். இக்குற்றங்களை ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கவும் சட்டத்தில் இடமில்லை.

நீதிமன்றம் தருவது வேறு

தீருதவி வாங்கியவரும் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது என்று விதியே சொல்கிறது. குற்றவாளி கட்டும் அபராதத்திலிருந்தோ தனியாகவோ பாதிக்கப்பட்டவருக்குப் பணம் தரும்படி நீதிபதி உத்தரவிடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆவது பிரிவாக இருந்தது, இன்று புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 395ஆவது பிரிவு. மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை அபராதத்திலிருந்து தரும் தொகை கைக்கு வராது. குற்றவாளி கட்டாவிட்டால் அபராதத்தைப் போலவே அவர் சொத்திலிருந்து வசூலிக்கலாம். ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி நீதிபதி யோசித்து, காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

குற்றவாளி யாரென்றே தெரியவில்லையா? அப்போதும் வழியுண்டு. 396ஆவது பிரிவின்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். விசாரணையை 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

வாச்சாத்தி

1992 ஜூனில் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடி மக்கள்மீது நடத்திய கொடுமையை நாம் மறக்க முடியாது. 2011இல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாயை அரசு தர வேண்டும், அதில் 5 லட்சத்தைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. அந்த 18 பேரில் மூவர் அதற்குள் இறந்திருந்தார்கள். 31 ஆண்டுகள் பின்வாங்காமல் நின்ற பெண்களால் வந்த உத்தரவு அது.

முதல் தகவல் அறிக்கை நகல், காயச் சான்று, மருத்துவச் செலவு ரசீதுகள், வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். தீர்ப்புக்கு முன்பே அரசு சிறப்பு வழக்கறிஞரிடம் கொடுத்து இழப்பீடு கேட்கச் சொல்லுங்கள். படிக்கும் பிள்ளைகள், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அந்த மனுவை எழுதிக் கொடுங்கள்.

அந்த அம்மா சாட்சி சொல்லப் போனார்.