வயிற்றின் கணக்கு – 17: தேன் உள்ளே, வெல்லம் வெளியே

அழற்சி கண்ட குடலுக்கு எந்த இனிப்பு ஆகும் என்று கேட்டால், பலரும் வெள்ளைச் சர்க்கரையைத் தள்ளிவிட்டு நாட்டுச் சர்க்கரையைக் கையில் எடுப்பார்கள். எஸ்.சி.டி. என்ற உணவுமுறைக்கு இரண்டும் ஒன்றுதான். வெல்லம், கருப்பட்டி, கரும்புச் சாறு எல்லாவற்றுக்கும் அதில் தடை. தேனுக்கு மட்டும் தாராள அனுமதி.

இதன் வேர் நியூயார்க்கில் இருக்கிறது. அங்கே குழந்தை மருத்துவராக இருந்த சிட்னி ஹாஸ், சீலியாக் நோயால் வற்றிப்போன குழந்தைகளுக்கு ரொட்டி, உருளைக்கிழங்கை நிறுத்தி வாழைப்பழம் கொடுத்தார். குழந்தைகள் தேறியதை 1924இல் எழுதினார். பெயர் வாழைப்பழத்துக்குப் போனது. நோய்க்குக் காரணம் கோதுமை என்று நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் காட்டிய பிறகும், பழி மாவுச்சத்தின் மீதுதான் என்று ஹாஸ் நம்பினார். பெருங்குடல் புண்ணால் அவதிப்பட்ட மகளோடு முதிய ஹாஸிடம் போன எலைன் காட்ஷால் என்ற தாய், பின்னாளில் உயிரியல் படித்து, அந்த முறையை 1987இல் புத்தகமாக்கினார்.

அவர் வாதம் இதுதான். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற ஒற்றைச் சர்க்கரைகள் அப்படியே ரத்தத்தில் சேரும். கரும்புச் சர்க்கரையான சுக்ரோஸும் பாலிலுள்ள லாக்டோஸும் இரட்டைச் சர்க்கரைகள். சிறுகுடல் சுவரின் நொதிகள் அவற்றை வெட்டினால்தான் உடலில் சேரும். புண்பட்ட சுவரில் நொதி குறையும். வெட்டுப்படாத சர்க்கரை பாக்டீரியாவுக்குத் தீனியாகும். தேனில் அந்த வேலையைத் தேனீயே பெரும்பாலும் முடித்துவிடுகிறது. பூந்தேனிலுள்ள சுக்ரோஸை அதன் நொதி இரண்டாகப் பிரித்துவிடும். பால் கூடாது; ஆனால் 24 மணி நேரம் உறையவிட்ட தயிர் கூடும், லாக்டோஸ் அதற்குள் ஏறக்குறைய தீர்ந்துவிடும் என்பதால். இரவு உறையூற்றிக் காலையில் எடுக்கும் நம் வீட்டுத் தயிர் இந்தக் கணக்கில் தேறாது. அரிசிக்கும் தடை, ஆகவே இட்லியும் கிடையாது.

இனி மெல்போர்னுக்கு வருவோம். மோனாஷ் பல்கலைக்கழகக் குழு 2005இல் முன்வைத்த ஃபோட்மேப் முறை, ஐ.பி.எஸ். என்ற குடல் எரிச்சல் தொல்லைக்கானது. அங்கே தீர்ப்பு தலைகீழ்! அளவாகச் சர்க்கரை சேர்க்கலாம், தேன் கூடாது. ஃபிரக்டோஸ் தனியாக வந்தால் சிறுகுடல் திணறும், சமமாகக் குளுக்கோஸ் துணைக்கு வந்தால் எளிதில் உறிஞ்சும். சுக்ரோஸில் இரண்டும் சரிபாதி. தேனில் ஃபிரக்டோஸ் கூடுதல். 'சுகர் ஃப்ரீ' மிட்டாய், சூயிங் கம்மில் உள்ள சார்பிட்டால், சைலிட்டாலை இரண்டு முறைகளும் ஒருமிக்க விலக்குகின்றன.

எஸ்.சி.டி.யின் வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; சான்று அந்த அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் குரோன் என்ற குடல் அழற்சி நோய் கண்ட 194 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 6 வாரங்களுக்குப் பிறகு எஸ்.சி.டி. பின்பற்றியவர்களும் மத்தியதரைக்கடல் உணவு உண்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். பின்னது பின்பற்ற எத்தனையோ எளிது.

இரண்டு பட்டியல்களையும் கலந்து, இரண்டிலும் விலக்கியதை எல்லாம் விலக்கினால் தட்டில் ஒன்றும் மிஞ்சாது, எடைதான் குறையும். உங்கள் நோய் எது என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு, உணவியல் நிபுணரின் துணையோடு ஒன்றை மட்டும் எடுங்கள். நீரிழிவு இருந்தால் தேனும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தக் காரணத்துக்காகவும் தேன் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)