ஆல்புமின் குறைஞ்சிடுச்சா? பத்தியம் போடாதீங்க!

உங்கள் வீட்டில் யாருக்காவது புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறதா? அவர்களுடைய ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொஞ்சம் எடுங்கள். அதில் 'சீரம் ஆல்புமின்' என்று ஒரு வரி இருக்கும். 100 மில்லிலிட்டரில் 3.5 முதல் 5 கிராம் வரை இருக்கவேண்டிய புரதம் இது. இதைத் தயாரிப்பது கல்லீரல்.

"நல்லாத்தானே சாப்பிடறார், பிறகு ஏன் டாக்டர் குறையுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். புற்றுக்கட்டி சும்மா கிடப்பதில்லை. கட்டியிலிருந்தும், அதை எதிர்க்க வந்த வெள்ளணுக்களிலிருந்தும் 'இன்டர்லூகின்-6' என்ற புரதம் ரத்தத்தில் கலக்கிறது. அது கல்லீரலுக்குப் போய், 'ஆல்புமினை விடு, வேற வேலை இருக்கு' என்று உத்தரவு போடுகிறது. உடனே கல்லீரல் சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜென் போன்றவற்றைக் கூடுதலாகத் தயாரிக்கிறது. போதாக்குறைக்கு, இருக்கிற ஆல்புமினும் ரத்தக் குழாயிலிருந்து கசிந்து வெளியேறுகிறது.

ஃபைப்ரினோஜென் யார் தெரியுமா? விரலில் வெட்டுப்பட்டால் ரத்தத்தை உறைய வைக்கிறதே, அந்த நல்லவர்! ஆனால் கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் மிதக்கும் புற்றணுவை, இவரும் தட்டணுக்களும் சேர்ந்து போர்வை மாதிரி மூடிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது எதிரி என்று நம் காவல் அணுக்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. விலங்குகளில் செய்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. புற்றுநோயாளிக்கு ரத்தம் எளிதில் உறையும் என்பதை பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஆர்மண்ட் ட்ரூஸோ 1865-லேயே சொன்னார். இரண்டு வருடம் கழித்து அவருக்கே ரத்தக் குழாயில் உறைவு வர, தன் நோய் இன்னதென்று தானே கண்டுகொண்டார். 1867-ல் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தும் போனார். அதனால், சிகிச்சையில் இருப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தைலம் தேய்த்துக் கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் 2003-ல் இந்த இரண்டு எண்களையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டி, ஆல்புமினும் 3.5-க்குக் கீழே இறங்கினால், நோயாளியின் உடல் தளர்ந்து வருகிறது என்று பொருள். பயமுறுத்தச் சொல்லவில்லை. கவனிப்பைக் கூட்டவேண்டிய நேரம் அது.

இங்கேதான் நம் வீடுகளில் தப்பு நடக்கிறது. "புற்றாச்சே, சூடு ஆகாது" என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கிறார்கள். அதில் மாவுச்சத்து தவிர ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது! நானும் பத்தியம் சொல்கிற சித்த மருத்துவன்தான். சாரம் செந்நீராகி, செந்நீர் ஊனாகும் என்று படித்தவன். சாரமே இல்லாவிட்டால் ஊன் எங்கிருந்து வரும்?

சிறுநீரகம் நன்றாக இருந்தால், 50 கிலோ எடையுள்ளவருக்கு தினம் 50 முதல் 75 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. சைவர்கள் பாசிப்பருப்பு, தயிர், வேர்க்கடலை, சுண்டல் என்று பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். வாய் கசந்தால் எலுமிச்சை பிழிந்த பருப்பு ரசம் இறங்கும். சாப்பாட்டால் மட்டும் அந்த எண் ஏறிவிடாது. கட்டி அடங்கினால்தான் கல்லீரல் பழைய வேலைக்குத் திரும்பும். ஆகவே கீமோவை நடுவில் நிறுத்தாதீர்கள். "ஆல்புமின் பாட்டில் ஏத்துங்க" என்று டாக்டரை நச்சரிக்கவும் வேண்டாம். விலையும் அதிகம், மூல காரணமும் தீராது.

ஏதாவது சூரணம், லேகியம் சாப்பிடுகிறார் என்றால் அந்த டப்பாவையே எடுத்துப்போய் புற்றுநோய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.