லைனர் பட்டறையில் ஒரு ஸ்விஃப்ட்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசல் தெளித்த ஈரம் காயுமுன்னே அக்கா மகன் தன் ஸ்விஃப்ட்டைப் பட்டறைக்குள் ஏற்றி நிறுத்தினான். கையில் ஒரு சீட்டு. சத்தம் போடுகிற சைலன்சர், மூடியில்லாத ஏர் ஃபில்டர், வண்டியைத் தரையோடு தாழ்த்தக் குட்டை ஸ்பிரிங், டிக்கி மேல் ஒரு ரெக்கை. கீழே கூட்டுத்தொகை, எழுபதாயிரம் சொச்சம்.

"செட்டிபாளையத்துல டிராக் டே வருதுங் மாமா. பேர் குடுத்துட்டேன். பத்து நாள்ல வண்டியத் தயார் பண்ணோணும்."

சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "முன்சக்கரத்தக் கழட்டு மாப்பிள்ளை" என்றேன்.

நான் நாமக்கல்லில் லாரிகளுக்கு பிரேக் லைனர் அடிக்கிறவன். 22 வருஷமாக அதுதான் பிழைப்பு. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் லாரியோடு ஏதாவது ஒரு சம்பந்தம் இருக்கும். பாடி கட்டுவார், டயர் கடை வைத்திருப்பார், டேங்கர் ஓட்டுவார், இல்லையென்றால் வண்டிக்கு ஃபைனான்ஸ் கொடுப்பார். முட்டைக்குப் பேர்போன ஊர் என்கிறார்கள்; அந்த முட்டையும் லாரி ஏறித்தானே போகிறது. கார் பந்தயம் எனக்குத் தெரியாது. சூடேறின பிரேக் தெரியும். அந்தத் தெம்பில்தான் கை வைத்தேன்.

டிராக் டே என்றால் என்ன என்பதையே அவன்தான் எனக்குச் சொன்னான். அது பந்தயம் இல்லை. கோப்பை கிடையாது, யார் முந்தினார் என்ற கணக்கும் கிடையாது. பந்தயத்துக்கென்று கட்டிய தளத்தை ஒரு நாளைக்கு வாடகைக்குப் பிடிக்கிறார்கள். தினமும் ஆபீஸ் போகிற காரையே அங்கே கொண்டுபோய், எதிர்வண்டி, எருமை, வேகத்தடை எதுவும் குறுக்கே வராத ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம். கால் மணி, இருபது நிமிஷம் ஒரு முறை. பிறகு வண்டியும் ஆளும் ஆற வேண்டும். அப்புறம் இன்னொரு முறை.

தமிழ்நாட்டுக்கு இது ஒன்றும் புதுசில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பல வருஷம் பந்தயம் நடந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தளம் வந்தது. எங்களுக்குப் பக்கம் கோயம்புத்தூர் செட்டிபாளையம். சுமார் 2.1 கி.மீ. சுற்று. கோவைக்காரரான கரிவர்தன் பெயரைத் தாங்கியது. மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரை உள்ளூரிலேயே செய்து காட்டியவர் அவர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். அந்த ஃபார்முலா மாருதியில் பழகின பையன்களில் ஒருவர்தான் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர், நாராயண் கார்த்திகேயன். 800 இன்ஜின் போதுமாக இருந்திருக்கிறது என்பதை மாப்பிள்ளைக்கு இரண்டு முறை சொன்னேன்.

முன்சக்கரம் கழன்றதும் பிரேக் பேடைப் பார்த்தேன். பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தது. ரோட்டுக்கு இன்னும் ஆறேழு மாதம் தாங்கும், டிராக்குக்கு ஆகாது. தேய்ந்த பேட் மெலிசு, சூட்டைத் தடுக்காமல் பின்னால் இருக்கிற பிஸ்டனுக்குத் தள்ளிவிடும். அந்த பிஸ்டனுக்குப் பின்னால்தான் பிரேக் ஆயில் நிற்கிறது.

இங்கே ஒரு கணக்கு. ஆளோடு சேர்த்து ஸ்விஃப்ட் 950 கிலோ என்று வையுங்கள். 120 வேகத்தில் வந்து ஒரு வளைவுக்காக 60-க்குக் குறைக்கிறான். அந்த ஒரு மிதியில் பிறக்கிற சூடு, ஒரு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும், மிச்சமும் இருக்கும். ஒரு சுற்றில் இப்படி மூன்று நான்கு மிதி. ஆறுவதற்குள் அடுத்த சுற்று. நாமக்கல்லிலிருந்து சேலம் வரை போனாலும் ரோட்டில் இப்படி ஒரு மிதி மிதிக்க மாட்டோம். வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு என்பதும் இதோடு சேர்த்தி.

எங்கள் பட்டறைக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித்தந்த இடம் தொப்பூர் கணவாய். பெங்களூர் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்குகிற லாரியில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற டிரைவர் உண்டு. இன்ஜின் பிடிக்காதபோது முழுப் பாரமும் லைனர் மேல். டிரம் சூடேறி விரியும். லைனரை விட்டு விலகும். லைனரில் இருக்கிற பிசின் கருகி மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறும். அப்புறம் மிதித்தால் என்ன, மிதிக்காவிட்டால் என்ன. அப்படிப் பளபளத்த லைனரை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தால் வழுக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிய ஆள் நான் என்று மாப்பிள்ளை பீற்றிக்கொள்வான். ஏறுவது இன்ஜினுக்குப் பரீட்சை. இறங்கின கதையைத்தான் நான் கேட்பேன்.

ஆனால் லாரிக்கும் காருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. லாரிக்குக் காற்றுதான் பிரேக். காரில் குழாய்க்குள் காற்று வந்தால் பிரேக்கே இல்லை. காருக்குப் பிடிமானம் திரவத்தில். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால் காலின் அழுத்தம் அப்படியே பேடுக்குப் போகிறது. காற்றுக் குமிழ் சுருங்கும். மிதிப்பதெல்லாம் குமிழைச் சுருக்கத்தான் போகும், பெடல் தரையைத் தொடும்.

வெளியிலிருந்து புகாத காற்று உள்ளேயே உண்டாவதும் உண்டு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். மூடி மூடியே இருந்தாலும், ரப்பர் குழாய் வழியாகக்கூட வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். டாட் 4 என்று போட்ட ஆயில் புதுசாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் அது 155 வரை இறங்கிவிடலாம். அந்தச் சூடு வந்துவிட்டால் உள்ளேயே ஆவி, உள்ளேயே குமிழ். வண்டி ஆறினதும் பெடல் மறுபடி ஒழுங்காக இருக்கும். மெக்கானிக்கிடம் காட்டினால் "ஒண்ணுமில்லைங்களே" என்பார்.

ஸ்விஃப்ட்டில் ஆயில் எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். "மாத்தோணுமா?" என்றான்.

பழைய ஆயிலை எடுக்கப் பின்சக்கரத்தில் ஆரம்பித்தோம். நிப்பிளில் உள்ளே தெரிகிற டியூப் ஒன்றை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றின தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன். அவன் உள்ளே, நான் கீழே.

"அமுக்கு."

"அமுக்கிட்டேனுங்."

"புடிச்சுக்க. விட்டுறாத." நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தினேன். டியூபில் டீ டிக்காஷன் நிறத்தில் ஆயில் வந்தது. இறுக்கினேன். "இப்ப விடு."

இதை மாற்றிச் சொன்னாலோ, அவன் முந்தி விட்டாலோ, வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும்; மறுபடி முதலிலிருந்து. மேலே டப்பாவில் ஆயில் காலியாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு சக்கரமும் முடித்து, டியூபில் தேன் நிறம் தெளிந்து வர ஒரு மணி நேரமானது. ஆயிலும் புது பேடும் சேர்ந்து ஆன செலவு, அவன் சீட்டில் எழுதியிருந்த ரெக்கையின் விலையில் பாதிகூட இல்லை. புது பேடுக்கு உடனே பிடி வராது. விடியற்காலை ஆளில்லாத ரோட்டில் 60-லிருந்து 20-க்கு, நிறுத்தாமல், பத்துத் தடவை. நடுவே ஆறவிட்டு ஓட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் டிஸ்கோடு சேரும்.

அடுத்தது என் தப்பு. சக்கர நட்டைப் பழக்கதோஷத்தில் நானே இறுக்கினேன். லாரிக்கு ஸ்பேனரில் பைப்பைச் சொருகி ஏறி நின்று மிதிக்கிற கை. மூன்றாவது நட்டில் 'டிக்' என்றது. போல்ட் முறிந்து கையோடு வந்துவிட்டது. மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. புதுசு போட்டு, தெரிந்த கார் மெக்கானிக்கிடம் டார்க் ரென்ச் கடன் வாங்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கினோம். டிராக்கில் ஒவ்வொரு முறை ஓட்டி வந்ததும் ஆறவிட்டு நட்டை ஒரு தரம் பார்க்க வேண்டும்.

டயரில் பாதிக்கு மேல் பூ இருந்தது, பக்கவாட்டில் வெடிப்பு இல்லை. டயரின் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 1422 என்றால் 2022-ன் 14-வது வாரம் செய்தது. பூ இருந்தாலும் வயசான ரப்பர் கல்லாகிவிடும். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே ஆகும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தோம், பேரிங்கில் ஆட்டம் இல்லை. இன்ஜின் ஆயிலை மேல்கோட்டுக்குக் கொண்டுவந்தோம்; நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், குறைவாக இருந்தால் பம்ப் காற்றைக் குடிக்கும். கூலன்ட், பேட்டரி கிளாம்ப், அவ்வளவுதான்.

பிறகு வண்டியைக் காலி பண்ணச் சொன்னேன். ஸ்டெப்னி, ஜாக்கி, சாமி படம், ஸ்பீக்கர் பெட்டி, மிதியடி எல்லாம் வெளியே. முன்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு காலி தண்ணீர் பாட்டில் உருண்டு வந்தது. அதை எடுத்து பிரேக் பெடலுக்கு அடியில் சொருகி, "இப்ப மிதி" என்றேன். மிதித்தான். பாட்டில் பாதி நசுங்கிப் பெடல் நின்றுபோனது. அன்றைக்கு முழுக்க நான் பேசினதில் அவன் முகம் மாறினது அந்த ஒரு நொடிதான்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. நம் தனியார் கார் பாலிசியில் வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பத்தி இருக்கும். பந்தயமும் வேகச் சோதனையும் அதில் உண்டு. டிராக்கில் முட்டினால் செலவு சொந்தக் கைக்காசு. அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்றேன். சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

டிராக் டே அன்றைக்கு விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் கிளம்பி, திருச்செங்கோடு, சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி வழியாகப் போய்ச் சேர்ந்தோம். முதலில் ஓட்டுகிறவர்களை உட்காரவைத்துக் கொடிகளைச் சொல்லித்தந்தார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டமே நிறுத்தம், மெதுவாக உள்ளே வா. நீலம், பின்னால் வேகமான வண்டி. கருப்பு உனக்கென்று காட்டினால் உள்ளே வந்து என்னவென்று கேள். ஹெல்மெட் முழு முகமும் மூடுகிறதா என்று கையில் வாங்கிப் பார்த்தார்கள். இழுத்துக்கட்டும் கொக்கி எங்கே என்றார்கள். அதை டிக்கிச் சாமான்களோடு சேர்த்து வீட்டிலேயே விட்டு வந்திருந்தோம். பக்கத்து ஸ்விஃப்ட்காரர் ஒருவர் கொடுத்துதவினார். காலி பண்ணுகிற ஆவேசத்தில் இதை யாரும் விட்டுவர வேண்டாம்.

முதல் முறை ஓட்டிவிட்டு வந்தவன் முகமெல்லாம் வியர்வை. டயரில் காலையில் 32 இருந்த காற்று 38 ஆகியிருந்தது. சூடேறினால் காற்று விரிந்து டயர் பந்துமாதிரி உப்பி, நடுவில் மட்டும் ரோட்டைத் தொடும். பூவின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் கோடு போட்டு அனுப்பினால், எதுவரை அழிந்திருக்கிறது என்பதே எவ்வளவு காற்று வேண்டும் என்று சொல்லிவிடும். கொஞ்சம் இறக்கினோம். வீட்டுக்குக் கிளம்புமுன் மறுபடி ஏற்ற வேண்டும், ஆறினால் குறைந்துவிடுமே.

இரண்டாவது முறை வந்து நின்றதும் அவன் கை தானாக ஹேண்ட்பிரேக்குக்குப் போனது. "தொடாத!" என்று கத்தினேன். கொதிக்கிற டிரம்மில் ஷூவை அழுத்தி வைத்தால் டிரம் கோணலாக ஆறும், ஷூவும் ஒட்டிக்கொள்ளலாம். கியரில் போட்டுவிட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். பட்டறையிலிருந்து நான் ஞாபகமாக எடுத்துவந்த பந்தயச் சாமான் அது ஒன்றுதான். கடைசிச் சுற்றில் பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவைத்துக்கொண்டு வா என்று சொல்லியிருந்தேன், மறந்துவிட்டான். முன்சக்கரத்தில் கருகின வாசம். தொப்பூர் இறங்கி வந்த லாரியின் அதே வாசம். பெடலை மிதித்துப் பார்த்தேன், வழக்கத்தைவிட ஒரு விரல் கீழே போய்த்தான் பிடித்தது. அரை மணி ஆறினதும் மேலே வந்தது. மூன்றாவது முறை அவனே ஏழு சுற்றில் திரும்பி வந்துவிட்டான்.

"ஏன் மாப்பிள்ளை, இன்னும் நேரமிருக்குதே?"

"கால் சொல்லுச்சுங் மாமா."

அடுத்த ஞாயிறு பட்டறைக்கு வந்தான். சீட்டு எதுவும் கையில் இல்லை. டாட் 4 அரை லிட்டர் டப்பா இருந்தது. அதே டியூபை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, சாக்கை விரித்துப் பின்சக்கரத்தடியில் படுத்துவிட்டான். நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.

"அமுக்குங்க."

அமுக்கினேன்.

"புடிச்சுக்குங்க மாமா, விட்றாதீங்க."