‘எது டாக்டர் நல்லது?’

விறைப்புக் குறைபாட்டுக்காகப் பொருத்தும் ஆணுறுப்பு இம்ப்ளான்ட் பற்றி யூராலஜிஸ்டிடம் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘எது டாக்டர் நல்லது?’ என்றுதான். உடனே ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்பவரைவிட, ‘சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? விரல்களை நன்றாக மடக்க வருகிறதா? மனைவியிடம் பேசிவிட்டீர்களா?’ என்று திருப்பிக் கேட்பவரையே நான் நம்புவேன். காரணம், இது போனால் திரும்ப முடியாத வழி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஊசியையும் வேக்குவம் கருவியையும் ஓரம் வைத்துவிடலாம். இம்ப்ளான்ட்டோ, ரத்தம் நிறைந்து விறைப்பைத் தரும் திசுவின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. பின்னாளில் அதைக் கழற்றினாலும் பழைய விறைப்பு பெரும்பாலும் திரும்புவதில்லை, மாத்திரையும் பலிப்பதில்லை. அதனால்தான் மற்ற சிகிச்சைகள் தோற்ற பிறகு, அல்லது நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவரைப் போல வயாகரா வகை மாத்திரைகளைத் தொடவே கூடாதவர்களுக்கு, இதைச் சொல்கிறார்கள்.

1973-ல் ஹூஸ்டனைச் சேர்ந்த பிரான்ட்லி ஸ்காட் குழுவினர் அறிமுகப்படுத்திய ஊதும் வகைதான் இன்றைய மூன்று பாகக் கருவிக்கு முன்னோடி. உறுப்புக்குள் இரண்டு உருளைகள், அடிவயிற்றில் உப்புநீர்ப் பை, விதைப்பைக்குள் ஒரு சிறு பம்ப். பம்பைத் தோலோடு சேர்த்துப் பிடித்துப் பலமுறை அமுக்கினால் நீர் உருளைகளுக்குள் ஏறும். முடிந்ததும் பம்பிலுள்ள பொத்தானை அழுத்தினால் பைக்குத் திரும்பும். இயல்புக்கு நெருக்கமானது இதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாதநோயால் விரல் வளையாதவருக்கும், பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவருக்கும் அந்தச் சிறு பம்ப் பெரும் சோதனை. மாதிரிக் கருவியைக் கையில் கொடுத்து, ‘அமுக்கிப் பாருங்கள்’ என்று சொல்லாத ஆலோசனை அரைகுறைதான். பம்பை அமுக்க முடியாதவர்களுக்கு வளைக்கக்கூடிய தண்டு வகை பொருந்தும். அது எப்போதும் ஓரளவு விறைப்பாகவே இருக்கும், உடைக்குள் மறைப்பது சற்றுச் சிரமம். ஆனால் பழுதாகும் பாகங்கள் குறைவு.

‘விலை கூடியதுதானே நல்லது?’ என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. இறக்குமதியாகும் மூன்று பாகக் கருவிக்குப் பல லட்சம் ஆகும். மும்பை ஆண்ட்ராலஜிஸ்ட் ரூபின் ஷா உருவாக்கிய, அதைவிடப் பல மடங்கு மலிவான தண்டு வகை இந்தியாவில் நெடுங்காலமாகப் பொருத்தப்பட்டு வருகிறது. மலிவு என்பதற்காக அதை இரண்டாம் தரம் என்று தள்ளுவதும், கடன் வாங்கியாவது ஊதும் வகையைத்தான் வைக்க வேண்டும் என்று நெருக்குவதும் நோயாளிக்குச் செய்யும் அநீதி. ஊதும் கருவி எந்திரம். பத்து, பதினைந்து ஆண்டுகளில் கசியலாம், அப்போது மறுபடி அறுவை சிகிச்சை வேண்டும். அந்தச் செலவையும் இன்றே கணக்கில் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

‘மருத்துவம் படித்தவர் முடிவு செய்யட்டும், நமக்கென்ன தெரியும்?’ என்பார்கள். கீறல் எங்கே, உருளையின் நீளம் எவ்வளவு என்பதெல்லாம் அவர் முடிவுதான். எதிர்பார்ப்பு மட்டும் நோயாளியுடையது. இம்ப்ளான்ட் நீளத்தைக் கூட்டாது. முன்பைவிடக் குறைந்ததாகப் பலர் உணர்கிறார்கள். ஆசையையும் அது உண்டாக்காது. தொடு உணர்வும் உச்சமும் பொதுவாக முன்பு இருந்தபடியே இருக்கும். இதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டவருக்கும், அறுவைக்குப் பிறகு தெரிந்துகொள்பவருக்கும் திருப்தியில் பெரிய வித்தியாசம் இருக்கும். மனைவியையும் உட்காரவைத்துப் பேசச் சொல்வது இதற்காகவே.

‘இந்த வயதில் இது தேவையா?’ என்ற கேள்விதான் பலரை வாயடைக்க வைக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடந்த ஆய்வு, 1994-ல் வெளியானபோது, அவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. இது பேராசையல்ல, நோய். இதயக் குழாய் அடைப்புக்கு முன்னறிவிப்பாகவும் வரக்கூடியது. வெட்கத்தில் லாட்ஜ் வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டிவிட்டுக் கடைசியில் யூராலஜிஸ்டிடம் வருபவர், அங்கும் வெட்கப்பட்டுத் தலையாட்டிவிடக் கூடாது. ஆண்டுக்கு எத்தனை இம்ப்ளான்ட் வைக்கிறீர்கள், கிருமித்தொற்று வந்தால் என்ன செய்வீர்கள், அப்போது கருவியை எடுக்க நேர்ந்தால் செலவு யாருடையது என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அனுபவம் மிகுந்த கைகளில் தொற்று குறைவு என்பதால், முதல் கேள்விக்கு எண்ணாகவே பதில் வாங்க வேண்டும்.