நட்டவர் ஒருவர், பட்டாவில் ஒருவர்

சில ஆண்டுகளுக்கு முன் டெல்டா கிராமம் ஒன்றில் நெல் நடவு குறித்து வயல்வெளிப் பயிற்சி நடத்தினேன். வேப்ப மரத்தடியில் முப்பது, நாற்பது பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் ஆண்கள். குத்துக்கு 2 அல்லது 3 நாற்று போதும், 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது என்று விளக்கினேன். பக்கத்து வயலில் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். பயிற்சி முடிந்து வரப்பில் நடந்து வந்தபோது, ஒரு மூதாட்டி நிமிர்ந்து கேட்டார்: "நடுறது நாங்க. பாடம் மட்டும் அவங்களுக்கா சார்?"

என்னிடம் பதில் இல்லை. பட்டாதாரர் பட்டியலை வைத்துத்தான் பயிற்சிக்கு ஆள் அழைத்திருந்தோம். அப்படி அழைக்கச் சொன்னவன் நான்தான்.

மகசூல் யார் கையில்?

ஆழமாக நட்டால் தூர் கட்டுவது தாமதமாகும், தூர்களும் குறையும். 20-க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்துகள் இருக்க வேண்டும். அது 35 ஆகக் குறைந்தால், பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் அந்த இழப்பை முழுதாக ஈடுகட்ட முடியாது. நடவின் ஆழத்தையும் குத்து எண்ணிக்கையையும் தீர்மானிப்பவை நடவுக்காரர்களின் விரல்கள். நாம் பாடம் சொன்னதோ வரப்பில் நிற்பவர்களுக்கு.

அடுத்த பருவத்தில் முறையை மாற்றினோம். காலையில் நடவு தொடங்கும் முன் அரை மணி நேரம், வயலிலேயே, நடவுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று விவசாயிகளிடம் முன்பே பேசிவிட்டோம். பிறகு சதுர மீட்டர் சட்டம் வைத்து எண்ணிப் பார்த்தபோது, குத்து எண்ணிக்கை சரியாக இருந்தது.

கருவி வந்தது, கூலி கை மாறியது

ஒற்றை நாற்று நடவு பரவியபோது கோனோவீடரும் வந்தது. அதுவரை குனிந்து களை பறித்தவர்கள் பெண்கள். கருவி வந்ததும் அதைத் தள்ளும் வேலை, நான் பார்த்த ஊர்களில், ஆண்களிடம் போனது; கூலியும் கூடியது. சேற்றில் தள்ள அது கனமாக இருக்கிறது, கைப்பிடி உயரம் பொருந்தவில்லை என்பது பெண்களிடம் கேட்டிருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால் வயலில் வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். வரப்பு வெட்டுவது கடினம், நாள் முழுக்கக் குனிந்து நடுவது சுலபம் என்று யார் அளந்து சொன்னது?

பெயர் இல்லாததால் வரும் நஷ்டம்

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருப்பவை சுமார் 14 சதவீதம் மட்டுமே. எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவர் இறந்த பிறகு தனி ஆளாக 3 ஏக்கர் சாகுபடி செய்கிறார். பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருக்கிறது. பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வாங்குவதற்கும், பயிர்க் கடனுக்கும், காப்பீட்டுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டாதான் குறுக்கே நிற்கிறது. இழவு வீட்டில் பட்டா பேச்சை எடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அந்தத் தயக்கத்தின் விலையை அவர் பருவந்தோறும் கட்டுகிறார்.

என்ன செய்யலாம்?

* நிலம் இறந்தவர் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்று பெற்று இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு.

* பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் திருத்தத்தை 1989-லேயே கொண்டு வந்தது தமிழகம். 2005-ல் அது நாடு முழுவதற்குமான சட்டமானது. 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

* புதிதாக நிலம் வாங்குவோர் மனைவி அல்லது மகள் பெயரில் பதிவு செய்யலாம். தமிழகத்தில் 1.4.2025 முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்துகளுக்கு இப்படிப் பதிவு செய்தால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு.

* வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. வாங்கும் முன் அவர்களையே ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

* விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தால் பெண்கள் வயலில் இருப்பார்கள். நேரத்தையும் இடத்தையும் அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வருகைப் பதிவேட்டில் பட்டா எண்ணோடு, அந்த வேலையை உண்மையில் செய்பவர் யார் என்றும் எழுதுங்கள்.

2026-ஐ சர்வதேசப் பெண் விவசாயிகள் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. விழா எடுப்பவர்கள் எடுக்கட்டும். நாம் அடுத்த நடவுக்கு முன் வீட்டில் இருக்கும் சிட்டாவை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். அதில் யார் பெயர் இருக்கிறது, வயலில் யார் நிற்கிறார் என்று வீட்டுக்குள் பேச ஆரம்பிப்போம்.