எத்தனையாம் மாதத்தில் நடக்கணும்?

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களிடம் குழந்தை வளர்ச்சிக்கு ஒரு மாதக் கணக்கு இருந்தது. வழக்கமாகச் சொல்லும் கணக்குப்படி, 5ஆம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. 9இல் சப்பாணி: இரு கையும் சேர்த்துத் தட்டுவது. 13இல் வருகை: கூப்பிட்டால் தளர்நடை போட்டு வருவது.

வீடுகளில் மாதமெல்லாம் எண்ணியதில்லை. தலை நின்றதா, குப்புற விழுந்ததா, நிலைப்படி தாண்டியதா என்று பார்ப்பார்கள். தாண்டினால் பலகாரம் செய்து அக்கம்பக்கம் கொடுப்பார்கள். பேச்சு பிந்தினால், "இவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பொறுமையால் பல பிள்ளைகள் நிம்மதியாக வளர்ந்தார்கள். காது கேளாத பிள்ளையும் மூளை முடக்குவாதம் இருந்த பிள்ளையும் அதே பொறுமையால் சிகிச்சைக்குரிய வருடங்களை இழந்தார்கள்.

மருத்துவர்கள் இன்று 'வளர்ச்சி மைல்கல்' என்று சொல்வதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்கர் ஆர்னால்ட் கெசல். யேல் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளைப் படம்பிடித்து, எந்த வயதில் என்ன செய்கிறார்கள் என்று அட்டவணை போட்டார். சராசரி வயதுதான் அதன் ஆதாரம். சராசரி என்றால் ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் அதற்குப் பிந்தித்தான் செய்வார்கள். இது பெற்றோர் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1967இல் வந்த டென்வர் சோதனை கொஞ்சம் நியாயமானது; ஒவ்வொரு செயலையும் 25, 50, 75, 90 சதவீதப் பிள்ளைகள் எந்த வயதில் எட்டுகிறார்கள் என்று பட்டை போட்டுக் காட்டியது.

எனக்கு மிகவும் பிடித்தது உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கு. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லாரும் ஆரோக்கியமாக வளர்ந்த குழந்தைகள். பிடிமானமில்லாமல் உட்கார்ந்தது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். தானாக நடந்தது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி! பிள்ளைத்தமிழின் 13 இதற்கு நடுவில் விழுகிறது. 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை.

2022இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் பட்டியலைத் திருத்தியது. முன்பு பாதிப் பிள்ளைகள் எட்டும் வயதை வைத்திருந்ததால், தவறினாலும் "பொறுத்துப் பார்க்கலாம்" என்றே பல டாக்டர்கள் சொன்னார்கள். இப்போது 75 சதவீதத்துக்கு மேல் எட்டும் வயதையே குறிக்கிறார்கள். தவறினால் பரிசோதிக்க வேண்டும் என்பது பொருள். தவழ்தலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிகிச்சையாளர்கள் சிலர் எதிர்த்தார்கள். எனக்கு அந்த நீக்கம் சரியென்றே படுகிறது.

நம் வீடுகளில் பொறுமை போய்ப் போட்டி வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு தாய் பத்தாம் மாத நடையை அனுப்பினால், மற்றவள் தூக்கம் போய்விடுகிறது. அவசரத்துக்கு வளைய வாக்கர் வாங்குகிறார்கள். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. விபத்துகளால் கனடா 2004இலேயே அதைத் தடை செய்துவிட்டது. பழைய மர நடைவண்டியிலாவது குழந்தை தன் காலில் நின்று தள்ளியது.

கேரளத்தில் 1991இல் உருவான திருவனந்தபுரம் அட்டவணையில் இரண்டு வயதுக்குள் பார்க்க வேண்டியவை 17தான். ஒரு செவிலியர் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதமும் சேர்ந்தது. அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வந்து பார்க்கிறது.

பெற்றோரே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள். ஆனால் 9 மாதம் தாண்டியும் உட்காரவில்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை, பேசிய வார்த்தையை மறந்துவிட்டது என்றால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது.